அந்தக் காகிதத்தில் பெயர் இருந்தது உன் மகளுக்கு மட்டும்தான்

மகனே,

முதலில் நம் வீட்டுப் பிள்ளைகளின் சேதி. உன் அக்காவின் மூத்தவனுக்கு ராணுவத்தில் பதவி உயர்வு வந்திருக்கிறது. எந்த ஊரில் இருக்கிறான் என்று எழுத மாட்டேன். அவனுக்கு இளையவள் நர்ஸ் வேலையில் நிரந்தரமாகிவிட்டாள். எந்த ஆஸ்பத்திரி என்று எழுத மாட்டேன். சென்னையில் உன்னோடு இருக்கும் உன் மகன் ஓட்டப் பந்தயத்தில் கோப்பை வாங்கினானாம், உன் பெண்டாட்டி போனில் சொன்னாள். பள்ளிக்கூடத்தின் பெயர் என் நாக்கு நுனியில் நிற்கிறது, எழுத மாட்டேன். என்னோடு இருக்கும் உன் மகள் இவர்கள் எல்லோரையும்விட நன்றாகப் படித்தவள். என்ன படித்தாள், யார் கையால் மெடல் வாங்கினாள் என்பதையெல்லாம் விழுங்கிக்கொள்கிறேன். அவள் பெயரையும் எழுத மாட்டேன். ஐந்தாம் வகுப்போடு நின்றுபோன எனக்கு இந்தப் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லிக்கொள்வதைவிடப் பெரிய சுகம் எதுவும் கிடையாது என்பது உனக்குத் தெரியும். கல்யாண வீடோ, பஸ் நிறுத்தமோ, எங்கே நின்றாலும் சொல்லிவிடுவேன். அந்தச் சுகத்தைப் பாதிப் பாதியாக வெட்டி எழுத வைத்துவிட்டீர்கள், நீயும் உன் டிபார்ட்மெண்டும்.

இந்தக் கடிதத்தை உனக்குத் தனியாக அனுப்பாமல் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். கோபம் வந்தால் வரட்டும். உன் மகளின் பெயர், விலாசம், போன் நம்பர் எல்லாம் உள்ள போலீஸ் காகிதத்தை யார் வேண்டுமானாலும் செல்போனில் எடுத்துப் படிக்கலாம், அதில் ஒன்றும் தப்பில்லை என்று சொன்னவன் நீ. அப்படியென்றால் ஒரு தாய் தன் மகனைத் திட்டுவதை நாலு பேர் படிப்பதிலும் தப்பில்லை. ஆனாலும் உன் பெயரை நான் போடவில்லை. உன் மகளுக்கு உன் டிபார்ட்மெண்ட் தராத மரியாதை அது. ஸ்ரீவில்லிபுத்தூரில் குடியிருந்து ராஜபாளையத்து மில்லுக்கு வேலைக்குப் போகிற பெண்கள் எத்தனையோ பேர். அதில் போலீஸ்காரன் பெற்ற பெண்களும் உண்டு. தேடுகிறவன் தேடித் திரியட்டும்.

நடந்தது உனக்குத் தெரியும். படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். காலையில் பஸ்ஸை விட்டு இறங்கி மில்லுக்கு நடந்து போனவளைப் பின்னாலிருந்து பைக்கில் வந்த இரண்டு பேர் கழுத்துச் செயினைப் பிடித்து இழுத்தார்கள். அவள் விடவில்லை. நாலைந்து வீட்டுத் தூரம் ரோட்டில் இழுத்துக்கொண்டே போயிருக்கிறார்கள். வலது முழங்கை கிழிந்து, மணிக்கட்டு எலும்பு விரிசல் விட்டது. பின்னால் உட்கார்ந்திருந்தவனின் ஹெல்மெட்டை இவள் இடது கையால் பிடித்து இழுத்ததில் அது கழன்று விழுந்தது. முகத்தைப் பார்த்துவிட்டாள். செயின் அறுந்து அவர்களோடு போய்விட்டது. நான் ஆஸ்பத்திரிக்கு ஓடியபோது கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். மருத்துவத் துணி நெய்யும் மில்லில் துணியைச் சோதிக்கிற வேலை அல்லவா அவளுக்கு. முகமெல்லாம் ரத்தக் கீறலோடு என்னைப் பார்த்து, "அப்பத்தா, இந்தக் கட்டுத்துணியில இழை ரொம்பக் கம்மி. நாங்க இத பாஸ் பண்ண மாட்டோம்" என்றாள். அழுவதற்கு வந்தவள் சிரித்துவிட்டேன்.

அங்கிருந்து நேரே ஸ்டேஷனுக்குப் போனோம். வலது கையில் கட்டு, அவளால் எழுத முடியாது. ஸ்டேஷன் ரைட்டர், "சொல்லுங்க பாட்டி, நான் எழுதிக்கிறேன்" என்றார். இங்கேதான் என் முதல் தப்பு. "எனக்கு எழுதத் தெரியும், பேப்பரைக் குடுங்க" என்று வாங்கினேன். என் கையெழுத்து எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். நான்கு பக்கம் எழுதினேன். எப்படி எழுதினேன் தெரியுமா? உனக்கும் உன் அக்காவுக்கும் எப்படி எழுதுவேனோ அப்படியே. எங்கள் வீட்டில் இன்னான் ராணுவத்தில், இன்னாள் நர்ஸ், இவளுடைய அப்பா சென்னையில் போலீஸ், இவள் மெடல் வாங்கியவள் என்று பெயர், ஊரோடு ஆரம்பித்தேன். யார் வீட்டுப் பெண்ணைத் தொட்டிருக்கிறார்கள் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டாமா என்பது என் எண்ணம். பிறகு, கோர்ட்டிலிருந்து ஆள் வந்தால் வழி தெரிய வேண்டுமே என்று, பச்சைக் கேட், வாசலில் முருங்கை மரம் என்று எழுதினேன். ஏழரை மணி பஸ், எந்த நிறுத்தத்தில் இறங்குவாள், எந்தச் சந்து வழியாக நடப்பாள், வீட்டில் நானும் அவளும் மட்டும்தான், ஆண் துணை இல்லை, ஆகவே விரைந்து நடவடிக்கை எடுக்கவும் என்று முடித்தேன். ரைட்டர் படித்துவிட்டு, "பாட்டி, இம்புட்டு வேணாமே. சுருக்கி எழுதித் தாரீங்களா?" என்றார். "ஏன், ஒங்களுக்குப் படிக்கக் கஷ்டமா இருக்கா?" என்று கேட்டேன். அவர் அப்படியே வாங்கிக்கொண்டார். உன் மகள் நான் எழுதியதை வாசித்துப் பார்த்து, இடது கையால் கையெழுத்துப் போட்டாள்.

அந்த ரைட்டர் நல்ல மனுஷன். கிளம்பும்போது வாசல் வரை வந்து, "புகார்ல இருக்கிறத ஒரு எழுத்து மாறாம ஏத்தணும் பாட்டி. நாளைக்குள்ள நெட்டுல போயிரும். பெரிய ஆபீசர் எழுத்துல சொன்னா மட்டும்தான் நிறுத்தி வைக்க முடியும். அவியளுக்கு நான் சொல்ல முடியாது. ஒங்க மகன் டிபார்ட்மெண்ட்தானே, ஒரு வார்த்தை பேசச் சொல்லுங்க" என்றார். ஆட்டோவில் வரும்போதே உனக்குப் போன் போட்டேன். நீ சொன்னதை நான் மறக்கவில்லை. "எம்மா, அதெல்லாம் பொம்பளப் பிள்ளைகளக் கெடுத்த கேசுக்குத்தான் பேர மறைப்பாங்க. இது செயின் பறிப்பு. எஃப்.ஐ.ஆர். பப்ளிக் டாக்குமெண்ட். யாரு ஒக்காந்து படிக்கப் போறா? நான் போன் போட்டா, சொந்தக் கேசுக்கு சிபாரிசு பண்ணுதான்னு பேசுவாங்க." அப்போது உன் நேர்மையை நினைத்துப் பெருமைப்பட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் பெருமைக்கு அளவே கிடையாது பார்.

இரண்டாம் நாளே போன் வர ஆரம்பித்தது. முதலில் ஒருவன் நகைக்கு இன்ஷூரன்ஸ் வேண்டுமா என்று கேட்டான். அடுத்து ஒருவன் பேசவே இல்லை, மூச்சு மட்டும் விட்டான். அதற்கப்புறம் வந்ததை நான் எழுத மாட்டேன், அவளும் என்னிடம் முழுதாகச் சொல்லவில்லை. நம்பர் எப்படிப் போனது என்று தெரியாமல் மறுபடி ஸ்டேஷனுக்கே போனேன். அங்கிருந்த பெண் போலீஸ் தன் போனிலேயே எடுத்துக் காட்டினாள். நான் எழுதிய நான்கு பக்கமும் அச்சில் இருந்தது. புகார் கொடுத்தவர் என்ற இடத்தில் உன் மகளின் பெயர், உன் பெயர், வயது, வேலை, கதவு எண், போன் நம்பர். எதிரி என்ற இடத்தில் "அடையாளம் தெரியாத இருவர்". அவ்வளவுதான். இழுத்தவனுக்குப் பெயரும் இல்லை, வாசலும் இல்லை. இழுபட்டவளுக்கு முருங்கை மரம்வரை இருக்கிறது.

அவர்களைப் பிடித்துவிட்டார்கள், செயினும் வந்துவிட்டது என்று ஸ்டேஷனிலிருந்து சொன்னார்கள். அதற்கு மறு வாரம் ஒரு பெண்பிள்ளை கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே வந்தாள். என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது இளையவள். கையில் பிளாஸ்டிக் கவர்.

"முருங்கை மரம் இருக்கு. இதுதான் வீடு" என்றாள்.

"யாரு நீ?"

"அந்தப் பயலப் பெத்தவ. பின்னால ஒக்காந்திருந்தானே, அவன." கவரிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்தாள். "எனக்குப் படிக்கத் தெரியாது. பிரவுசிங் சென்டர்ல ஒரு பிள்ளை வாசிச்சுக் காட்டுச்சு. யாத்தே, எம்புட்டுப் பெருமை! ஒருத்தன் மிலிட்டரி, ஒருத்தி நர்சு, ஒருத்தன் போலீசு. வாசிச்ச பிள்ளைக்கே தொண்டை வத்திப்போச்சு. இதுல எம்மவன் பேரு எங்கயாவது இருக்கா, நீங்களே சொல்லுங்க. அடையாளம் தெரியாதவன எப்படிம்மா பிடிச்சாவ?"

"ஒம்மவன் எம்பேத்திய ரோட்டுல இழுத்துக்கிட்டுப் போனான்."

"செயினு கெடைச்சிருச்சுல்லா? கை கூடிருச்சுல்லா? கோர்ட்டுல அந்தப் பிள்ளை அடையாளம் காட்டலன்னா ஒண்ணுமில்ல. படிச்ச பிள்ளை, மெடல் வாங்குன பிள்ளை, அதுக்கு எதுக்கு கோர்ட்டு வாசல்?"

"வெளிய போடி" என்றேன். அவள் கோபப்படவே இல்லை. மெதுவாகக் கேட் வரை போய்த் திரும்பி, ஏதோ சொந்தக்காரி விசாரிப்பது மாதிரி, "ஏழரை மணி பஸ்ஸுலதான இப்பவும் போறா?" என்று கேட்டாள்.

மகனே, அது நான் எழுதிய வரி. என் கையெழுத்தில் பிறந்த வரி. அவளுக்குப் படிக்கத் தெரியாது, ஆனாலும் மனப்பாடமாகச் சொன்னாள். அவளும் பெற்றவள், மகனுக்காக வந்தாள் என்று எனக்கும் புரிகிறது. அவளை நான் வெறுக்கிற அளவுக்கு உன்னை வெறுக்கிறேன் என்றால் நம்புவாயா? அவள் தன் பிள்ளைக்காக இன்னொருத்தர் வாசல்படி ஏறினாள். நீ உன் பிள்ளைக்காக ஒரு போன் பேசவில்லை.

மறுநாளிலிருந்து உன் மகள் இறங்கும் நிறுத்தத்தில் இரண்டு பையன்கள் பைக்கை நிறுத்திக்கொண்டு டீ குடித்தார்கள். ஒன்றும் செய்யவில்லை, ஒன்றும் பேசவில்லை. டீ குடிப்பது குற்றமா என்று ஸ்டேஷனில் கேட்டார்கள். இதெல்லாம் தெருவுக்குத் தெரிந்துபோனது. நம் தெருவில் ஒருத்தி, புருஷன் அடித்து உதடு கிழிந்தவள், என்னிடம் வந்து, "அம்மாச்சி, எனக்கும் ஒரு புகார் எழுதித் தாங்க" என்று கேட்டு உட்கார்ந்திருந்தாள். நான் பேப்பர் எடுப்பதற்குள், "இதுவும் நெட்டுல போகுமா?" என்று கேட்டாள். எனக்குத் தெரியாது என்றேன். "பொறவு வாரேன்" என்று போனவள் இன்னும் வரவில்லை. அவள் புருஷன் காலையில் எனக்கு வணக்கம் வைத்துவிட்டு வேலைக்குப் போகிறான்.

பெரிய அதிகாரியின் அலுவலகத்துக்கும் ஒரு மனு எடுத்துக்கொண்டு போனேன். இந்தத் தடவை மூன்றே வரி. வாங்கிக்கொண்டவர், "பாட்டி, மேல சொல்லி எடுக்கச் சொல்லலாம். ஆனா ஏற்கெனவே எறக்கிக்கிட்டவன் போனுல இருந்து எப்படி எடுக்க?" என்றார். உண்மையைச் சொன்னார், அதுவரை நல்லது. போலீஸ் வழக்கே போடாமல் மறைத்துவிடக் கூடாது, அதற்காகத்தான் எல்லோருக்கும் தெரியும்படி வைக்கிறார்கள் என்றும் விளக்கினார். நீயும் அதைத்தான் சொன்னாய். ஒத்துக்கொள்கிறேன். வழக்குப் போட்டார்களா, எந்தப் பிரிவு, எந்த நாள், எல்லாம் ஊருக்குத் தெரியட்டும். பெயர் யாருக்குத் தெரிய வேண்டும்? குற்றம் சாட்டப்பட்டவனுக்குத் தெரிய வேண்டும், அவன் வக்கீலுக்குத் தெரிய வேண்டும், ஜட்ஜுக்குத் தெரிய வேண்டும். வத்திராயிருப்பில் தேங்காய் வெட்டுகிறவனுக்கும் கூமாப்பட்டியில் மாம்பழம் விற்கிறவனுக்கும் உன் மகள் எந்தச் சந்தில் நடப்பாள் என்று எதற்குத் தெரிய வேண்டும்? அவர்கள் கேட்டார்களா? போன் நம்பர் மேலும் கதவு எண் மேலும் ஒரு கறுப்புக் கோடு இழுப்பதற்கு உங்கள் டிபார்ட்மெண்டில் விரல் இல்லையா? அவனைப் பெற்றவள் அவன் வக்கீல் மூலமாகவே காகிதத்தை வாங்கியிருக்கலாம் என்று நீ சொல்வாய். இருக்கலாம். மூச்சு விட்டவன் எந்த வக்கீலிடம் வாங்கினான்?

இதற்கெல்லாம் பிறகுதான் போன ஞாயிற்றுக்கிழமை நீ பேசினாய். வரப்போகிறாய் என்று நினைத்தேன். நீ சொன்னது இது: "எம்மா, சாட்சி சொல்லக் கூப்பிடுவாங்க. போகட்டும். போயி, அன்னைக்குப் பதட்டத்துல சரியாப் பாக்கல, அடையாளம் தெரியலன்னு ஒரு வார்த்தை சொல்லிரட்டும். அம்புட்டுதான், கேசு முடிஞ்சிரும். ஏற்கெனவே பேரு வெளிய வந்து நாறிக்கெடக்கு. பொறவு இங்க கூட்டிட்டு வந்துருதேன்."

போலீஸ்காரன் நீ. கோர்ட்டில் பொய் சொல்லச் சொல்லி உன் மகளுக்கு என்னிடம் சொல்லியனுப்புகிறாய். எனக்கு வந்தது கோபம் மட்டும் இல்லை. அந்த வார்த்தை என்னுடையது. "பேரு வெளிய வந்துரும்." உனக்குப் பதினாறு வயதில் நான் உனக்குச் சொன்னது.

உனக்கு மறந்திருக்காது. உன் அக்கா கை ஒடிந்து, ஒற்றைச் செருப்போடு கடைசி பஸ்ஸில் வந்து இறங்கினாள். உன் அத்தான் உலக்கையால் அடித்திருந்தான். ஆஸ்பத்திரியில் கேட்டால் கிணற்றடியில் வழுக்கி விழுந்தேன் என்று சொல்லச் சொல்லிக்கொடுத்தவள் நான்தான். நீ சட்டையை மாட்டிக்கொண்டு சைக்கிளை எடுத்தாய். "எம்மா, ஸ்டேஷனுக்குப் போவோம், நான் சொல்றேன், எல்லாத்தையும் சொல்றேன்" என்றாய். நான் கேரியரைப் பிடித்து இழுத்தேன். "ஏலே, பேரு வெளிய வந்துரும்லே. நாளைக்கு இவ எப்படித் தெருவுல நடப்பா?" என்று கேட்டேன். நீ என் கையைக் கடித்துவிட்டாய், நினைவிருக்கிறதா? ஆனாலும் நான் விடவில்லை. அவளைத் திருப்பி அனுப்பினேன். அதன் பிறகு ஆறு வருஷம் அங்கே கிடந்தாள். பிறகு தானாகத்தான் வெளியே வந்தாள், நான் கூப்பிட்டு இல்லை. தையல் தைத்து இரண்டு பிள்ளைகளையும் ஆளாக்கினாள். அந்தக் கை இன்னும் நேராக நீளாது. நான் ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்படும் ராணுவக்காரனும் நர்ஸும் அந்தக் கோணல் கை வளர்த்த பிள்ளைகள். அதை ஒரு நாளும் யாரிடமும் நான் சொன்னது கிடையாது. இப்போது உன் அக்காவைக் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதும்மா, எம்பேரப் போட்டாலும் சரிதான்" என்றாள். நான் போடவில்லை.

நீ போலீஸ் வேலைக்குப் போனதே அந்தச் சைக்கிளை நான் பிடித்து வைத்ததால்தான் என்று நான் நினைத்திருந்தேன். இனி இந்த வீட்டுப் பெண் யாரையும் யாரும் ஸ்டேஷன் வாசலில் நிறுத்த முடியாது என்று நினைத்தேன். அன்று நான் வாயை மூடச் சொன்னேன், அது பாவம். இன்று வாய் ஓயாமல் நான்கு பக்கம் எழுதினேன், அது மடத்தனம். இரண்டையும் நான் செய்தேன், ஒப்புக்கொள்கிறேன். நீ என்ன செய்தாய் என்று ஒப்புக்கொள்ளப் போகிறாய்?

நீ பேசும்போது போன் ஸ்பீக்கரில் இருந்தது. உன் மகள் சோறு பிசைந்துகொண்டிருந்தாள், கை நின்றுபோயிற்று. நீ வைத்த பிறகு, "ஏட்டி, என்ன சொல்லுத?" என்று கேட்டேன்.

"ஹெல்மெட்டு கழண்டப்ப அவன் மூஞ்சிக்கும் என் மூஞ்சிக்கும் ஒரு சாண் அப்பத்தா. பல்லுல வெத்தலைக் கறை இருந்துச்சு. தெரியலன்னு சொல்ல எனக்கு வாய் வராது."

"பயமா இல்லையா?"

"பயமாத்தான் இருக்கு. அது வேற." மறுபடி சோற்றைப் பிசைந்தாள். "அப்பா கேட்டா நானே சொல்லிக்கிறேன். நீ எனக்காகப் பேசாத. நீ பேசுனாத்தான் நாலு பக்கம் போயிருதே."

அவள் பேச வேண்டாம் என்றது வழக்கைப் பற்றி. உன்னைத் திட்டக் கூடாது என்று சொல்லவில்லை. எழுதியதை வாசித்துக் காட்டினேன், இரண்டு இடத்தில் அடிக்கச் சொன்னாள், அடித்துவிட்டேன்.

இப்போது அவள் எத்தனை மணி பஸ்ஸில் போகிறாள், யாரோடு போகிறாள் என்று உனக்கும் சொல்ல மாட்டேன். சென்னைக்குக் கூட்டிப் போகிறேன் என்று வண்டி எடுத்துக்கொண்டு வராதே, கதவைத் திறக்க மாட்டேன். கோர்ட் நாள் அவளுக்குச் சம்மன் வந்ததும் உனக்கும் தெரிந்துவிடும், அதெல்லாம் உங்களுக்குள் தெரியும்தானே. அன்று ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்கு யூனிஃபார்ம் இல்லாமல் வா. யாரிடமும் பேசாதே, எந்த வக்கீலையும் ஓரமாகக் கூப்பிடாதே. அவள் கூண்டில் ஏறும்போது அவள் கண்ணில் படுகிற மாதிரி பெஞ்சில் உட்கார். அவள் விரலை நீட்டி அவனைக் காட்டும்போது நீ தலையைக் குனியக் கூடாது. இவ்வளவு முடியாது என்றால் வரவே வேண்டாம், நான் உட்கார்ந்துகொள்கிறேன்.

கூடத்துச் சுவரில் இருந்த உன் யூனிஃபார்ம் படத்தை நேற்று கழற்றி பீரோவுக்குள் வைத்துவிட்டேன். வருகிறவர்கள் எல்லாம் அதைப் பார்த்துவிட்டு, "மகன் போலீசுல இருக்கையிலயே இப்படியா?" என்று கேட்கிறார்கள், எனக்குப் பதில் சொல்லி மாளவில்லை. ஆணி மட்டும் இருக்கிறது. சாதாரணச் சட்டை போட்டுப் புதிதாக ஒரு படம் எடுத்து அனுப்பு. போனில் அனுப்பாதே. கவரில் போட்டு, ஒட்டி, தபாலில் அனுப்பு. பின்பக்கம் பெயர், வேலை, ஊர் எதுவும் எழுத வேண்டாம். வந்ததும் பிரிக்காமல் வைத்திருப்பேன். கோர்ட்டிலிருந்து திரும்பி வந்த பிறகு, அதை அந்த ஆணியில் மாட்டுவதா வேண்டாமா என்று உன் மகள் சொல்லட்டும்.

உன்னைப் பெற்றவள்